மூன்றாவது மணி

1

இந்தக் கதை ஒரு தொலைபேசி அழைப்பில் பிறந்தது. நானே இலக்கம் சுழற்றி, ஒரு சொல்லும் பேசாமல் வைத்த அழைப்பு. ஐந்து வருடமாக எழுதப் பார்க்கிறேன், முதல் வரியே சறுக்குகிறது.

"திருகோணமலைத் துறைமுகத்தின் மேல் மாலைச் சூரியன்..." (வெட்டிவிட்டேன். சூரியனுக்கும் இதற்கும் ஒரு தொடர்பும் இல்லை.)

கட்டுரைபோலத் தொடங்கிப் பார்ப்போம். தொலைபேசியைக் கண்டுபிடித்தவருக்கு "ஹலோ" பிடிக்காதாம். கப்பற்காரர் கூவுகிற "அஹோய்"தான் சரி என்றாராம். எங்கள் ஊருக்கு அது பொருந்தியிருக்கும். ஆனாலும் உலகத்தோடு ஒட்டி நாங்களும் "ஹலோ" என்றோம். யுத்தம் வந்தபின் அதற்கு அடுத்ததாகப் பெயரைச் சொல்வதை நிறுத்தினோம். "ஆர் கதைக்கிறது?" "நான்தான்." குரல் தெரிந்தவருக்குத் தெரியும், மற்றவருக்குத் தெரியத் தேவையில்லை.

2

யோகலிங்கம் அண்ணன் அதையும் சொல்லமாட்டார்.

துறைமுகத்தடியில் ஒரு கப்பல் ஏஜென்சிக் கந்தோரில் அவர் கிளாக். மாதம் ஒருமுறை கந்தோர் அலுவலாகக் கொழும்புக்குப் பஸ் ஏறுவார். அங்கே லொட்ஜில் தமிழில் கதைத்தால் பக்கத்தில் நிற்பவர்கள் திரும்பிப் பார்க்கிற காலம். ஆகவே லிங்கநகரில் இருக்கும் மனைவி இரத்தினேஸ்வரி அக்காவோடு ஓர் ஏற்பாடு. போய்ச் சேர்ந்ததும் வீட்டு ரெலிபோனில் இரண்டு தரம் மணி அடிக்கவிட்டு வைத்துவிடுவார். அக்கா எடுக்கமாட்டார். அவர்களுக்கு "ஹலோ", "சுகமா", "சாப்பிட்டீரா" எல்லாம் அதுதான்.

தொண்ணூற்றாறு பங்குனியில் போனவர் கொழும்பு போய்ச் சேரவில்லை. கந்தளாய் தாண்டிப் பஸ்ஸை மறித்து அவரை இறக்கினார்கள் என்று ஒருவர் சொன்னார். (ஆர் மறித்தது என்று தொடங்கிய வசனம் இங்கே இருந்தது.)

3

இனி நான். ஐந்து மாதம் கழித்து அவருடைய வேலையில், அவருடைய கதிரையில் என்னைப் போட்டார்கள். "கதிரை உனக்கெண்டு இரத்தினேஸ்வரிப் பிள்ளைக்கு நீயே சொல்லிப்போடு, வேற ஆரும் சொல்லி அறியப்படாது" என்றார் தலைமைக் கிளாக் பக்கீர் நானா.

பின்னேரத் தேத்தண்ணிக்குப் பிறகு இலக்கத்தைச் சுழற்றினேன். ஒரு மணி அடித்தது. மனதுக்குள் சொல்லிப் பார்த்தேன்: "ஹலோ அக்கா, அண்ணன்ர கதிரையில..." இப்படி ஒரு சேதிக்கு முன்னால் போடுகிற வணக்கம் எந்தப் பாஷையில் இருக்கிறது? இரண்டாவது மணி. வைத்துவிட்டேன்.

மறுநாள் காலை அக்கா கந்தோருக்கு வந்தார். தலையில் பூ.

"தம்பி, அவர் இருக்கிறார். நேற்றுப் பின்னேரம் ரெலிபோன் ரெண்டு தரம் அடிச்சு நிண்டது. கதைக்க ஏலாத இடத்தில வச்சிருக்கினம் போல."

அவர் விளக்கிச் சொல்லித்தான் அந்த ஏற்பாடே எனக்குத் தெரியும். சத்தியமாக அதற்கு முன் தெரியாது. எழும்பி அந்தக் கதிரையை அவருக்குக் கொடுத்து, "ஓம் அக்கா, நல்ல விசயம்" என்றேன்.

4

அன்றிலிருந்து அக்கா மூன்றாவது மணிக்குத்தான் ரிசீவரைத் தூக்குகிறார். மூன்றாவது அடித்தால் அது அவர் இல்லை. அந்த ஏமாற்றத்தோடுதான் "ஹலோ" வரும். ஊர் பழகிவிட்டது, நான் பழகவில்லை.

கனடாவிலிருக்கும் அக்காவின் தமையன் கூப்பிட்டு, அக்காவுக்கு விசாவும் வந்துவிட்டது. இந்த மாதக் கடைசியோடு அது முடிகிறது.

"ரெலிபோனை விட்டிட்டு எப்பிடித் தம்பி போறது? அவர் அடிச்சால் வெறும் வீட்டிலயெல்லோ அடிக்கும்."

முடிவு ஒன்று: உண்மையைச் சொல்கிறேன். அக்கா போகிறார். அண்ணனை இரண்டாம் முறை இல்லாமல் ஆக்கியவன் நான்.

முடிவு இரண்டு: சொல்லவில்லை. அக்கா அந்த ரெலிபோனுக்குப் பக்கத்திலேயே... (முடிக்கத் துணிவில்லை.)

முடிவு மூன்று: யோகலிங்கம் அண்ணன் திரும்பி வருகிறார். இதை நாலு பக்கம் எழுதினேன். நன்றாகவே வந்தது. கிழிக்க மனம் வரவில்லை, அலுமாரியில் இருக்கிறது.

5

ஐந்து வருடம் கழித்து அதே கதிரை, அதே பின்னேர வேளை. இலக்கத்தைச் சுழற்றியாயிற்று. "அக்கா, அண்டைக்கு அடிச்சது நான்." இதுதான் முதல் வசனம். "ஹலோ" சொல்லப்போவதில்லை.

ஒரு மணி.

இரண்டு.

இப்போது வைத்தால் அவருக்கு இன்னுமோர் ஐந்து வருடம். அங்கே அக்கா ரெலிபோனுக்குப் பக்கத்தில் நிற்பார், மூன்றாவது அடிக்கக்கூடாது என்று கும்பிட்டுக்கொண்டு. வாசிக்கிறவரே, ரிசீவரைக் கொஞ்சம் நீங்கள் பிடியுங்கள்.