சுவரோர இடுக்கு

ஐப்பசி மழை கொட்டி ஓய்ந்தபோது, ராயபுரத்தில் ராசையா வாங்கியிருந்த பழைய துரை பங்களாவின் கூடத்துத் தரை நடுவில் கூன் போட்டு நின்றது. மீன்முள் வரிசையாகப் பதித்த தேக்குத் துண்டுகள் ஒன்றையொன்று நெட்டித் தள்ளிக்கொண்டு மேலெழும்பியிருந்தன.

"ஏம்வே, தரையச் சரி பண்ணச் சொன்னேனா, மேடு கட்டச் சொன்னேனா?" என்று கத்தினார் ராசையா. கருப்பட்டி மண்டிக்காரர். திருநெல்வேலிக் குரல், ரகசியம் பேசினாலே தெருமுனைக்குக் கேட்கும். வெள்ளைக்காரன் கப்பலேறிய கையோடு வாங்கிய வீடு அது. உளுத்துக் கிடந்த மரத்தரையைப் புதுப்பிக்கச் சித்திரையில் இரண்டு பேரைப் பிடித்திருந்தார். ஒருவன் சௌக்கத் அலி, மரத்தரை பதிப்பதே அவன் தொழில். இன்னொருவன் அவனுடைய தோஸ்து ஸ்டானிஸ்லாஸ், துறைமுகத்தில் படகு வேலை பார்க்கிற தச்சன்.

திட்டு முழுக்க சௌக்கத் அலியின் தலையில் விழுந்தது. "என் கைத் தப்புதான் மொதலாளி. நாளிக்கி வந்து பேத்துட்டு மறுபடி பதிச்சிக் குடுத்துடறேன்" என்றான் அவன்.

"பதிச்சுட்டு நடையைக் கட்டும். தண்டையார்பேட்டையில என் கூட்டாளி ஒருத்தர் இதே மாதிரி வீடு வாங்கியிருக்காரு. ஒம்ம பேரச் சொல்லலாம்னு இருந்தேன். இனி எந்த வாயால சொல்ல?"

பக்கத்தில் நின்ற ஸ்டானிஸ்லாஸ் வாயில் கொழுக்கட்டை. கூனைப் பார்த்த மாத்திரத்தில் அவனுக்கு எல்லாம் விளங்கிவிட்டது.

சித்திரையில் வேலை முடிந்த அன்று, சௌக்கத் அலி சுவரையொட்டி நாலு பக்கமும் விரல் அகலத்துக்கு இடம் விட்டிருந்தான். "மேல சொவரோரம் மரப் பட்டையை மட்டும் நீ அட்ச்சுடு" என்று சொல்லிவிட்டுத் தொழுகைக்குப் போய்விட்டான். ஸ்டானிஸ்லாஸ் அந்த இடுக்கைப் பார்த்தான். படகுக்காரனுக்கு இடுக்கு என்றால் ஓட்டை. ஓட்டை என்றால் சாவு. பாவம், பாய் கவனிக்காமல் விட்டுவிட்டான் என்று நினைத்து, சணல் நாரைத் தாரில் தோய்த்து, கொட்டாப்புளியால் அடித்து, தண்ணீர் ஏறாமல் படகுக்குக் கலப்பத்து போடுவதைப்போல் சுற்றிலும் இறுக்கிவிட்டான். அதன் மேல் பட்டையையும் அடித்தான். தோஸ்தின் மானத்தைக் காப்பாற்றியதாக அன்றைக்கு அவனுக்குப் பெருமை வேறு. மழை ஈரத்தில் ஊதிய மரம் பக்கவாட்டில் போக வழியில்லாமல் மேலே கிளம்பிவிட்டது.

ராசையா திட்டிய அன்று சாயங்காலம் ஸ்டானிஸ்லாஸ் மாதா கோயிலுக்குப் போய்ப் பாவசங்கீர்த்தனம் செய்தான். திருட்டுச் சாராயம் குடித்ததைச் சொன்னான், பெண்சாதி எல்சியை வைததைச் சொன்னான். இதை மட்டும் சாமியாரிடம் சொல்ல நா எழவில்லை.

விடிந்ததும் விடியாததுமாக பங்களாவுக்கு ஓடினான். ராசையாவின் மனைவி ஞானபாக்கியம் கதவைத் திறந்து, "இம்புட்டு வெள்ளனையா?" என்று ஆச்சரியப்பட்டாள். பட்டையைக் கழற்றினான், கொக்கியால் நாரை இழுத்து இழுத்துக் கோணிப்பையில் திணித்தான். இனி யாருக்கும் தெரியப்போவதில்லை. அந்த நினைப்பே அவனுக்கு அருவருப்பாக இருந்தது. ஆனாலும் கை நிற்கவில்லை.

சௌக்கத் அலி வந்தான். ராத்திரி தூங்காத கண். நேராகச் சுவரோரம் குந்தி, இடுக்கில் விரலை விட்டுப் பார்த்தான்.

"எடம் வுட்டுத்தான் கீறேன். நீயும் பாத்தியே, சொல்லு. வுட்டேனா இல்லியா?"

"வுட்ட பாய்."

"அப்புறம் இன்னாத்துக்கு எழும்பிச்சு?" சௌக்கத் அலி தன் கைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "தப்பு இன்னான்னே தெரியலபா. தெரிஞ்சா திருத்திக்கலாம். தெரியாம இன்னோர் வூட்ல எப்டி கை வெக்கிறது? இத்த முட்ச்சிட்டு நான் மூட்ட தூக்கப் போறேன். இந்தா, நீ வெச்சுக்க." இழைப்புளியை எடுத்து நீட்டினான்.

ஸ்டானிஸ்லாஸ் வாங்கிக்கொண்டான். கைப்பிடி தேய்ந்து வழவழவென்றிருந்தது. அதைப் பிடித்திருந்த தன் விரல்களின் நகக்கண்ணில் தார் அப்பியிருப்பதைப் பார்த்தான். அதற்குமேல் தாங்கவில்லை. கோணிப்பையைத் தரையில் கவிழ்த்தான்.

சௌக்கத் அலி ஒரு நார்க்கற்றையை எடுத்து மோந்து பார்த்தான்.

"எப்போ?"

"சித்திரைலயே. ஓட்டைன்னு நெனச்சுட்டேன் பாய்."

"செரி, அது தெரியாம செஞ்சது. காலைல வந்து புடுங்கினியே, அது?"

சௌக்கத் அலி ஸ்டானிஸ்லாஸின் கையிலிருந்த இழைப்புளியைத் திரும்ப வாங்கிக்கொண்டு, தரையில் மண்டியிட்டு முதல் துண்டைப் பெயர்க்க ஆரம்பித்தான்.

"மொதலாளி முன்னால ரூம்ல கீறாரு. நீயே போய்ச் சொல்லு. நான் சொல்ல மாட்டேன்" என்றான், தலையைத் தூக்காமல்.

ஸ்டானிஸ்லாஸ் நாரை அள்ளிக்கொண்டு போனான். ராசையா காப்பி குடித்துக்கொண்டிருந்தார். "என்னவே, அந்தப் பாய் வந்தானா?" என்றார்.

"வந்துட்டான் மொதலாளி" என்றபடி ஸ்டானிஸ்லாஸ் தார் நாரை அவர் மேசைமேல் வைத்தான். "நேத்து நீங்க திட்னதெல்லாம் எனக்கு வந்துருக்க வேண்டியது. பக்கத்துலயே நின்னுகினு கேட்டுகினு இருந்தேன்."