அவள் பையில் அவர் டயர்

கறுப்பு உறையைக் கிழித்து, கட்டியிருந்த கயிற்றை அவள் வெட்டியதும், மூன்றாக மடித்திருந்த டயர் துள்ளி விரிந்து எதிர்ச் சுவரில் போய் மோதியது. பக்கவாட்டில் அச்சடித்திருந்த அங்குல அளவைப் படித்தாள். இருபத்தெட்டு. அவளுடைய சைக்கிளுக்கு இருபத்தாறு.

விடிந்தால் கணவனும் மனைவியுமாகச் சைக்கிளில் கிளம்பி, மலையைத் தாண்டிக் கடல்வரை போவதாக ஏற்பாடு. பல வருடப் பேச்சு இது. கார் சீட் தைக்கும் பட்டறையில் வேலை செய்பவள் அவள். முதலாளியோடு மல்லுக்கட்டி லீவு வாங்கியிருந்தாள். லாரித் தார்ப்பாயில் இரண்டு சைக்கிளுக்கும் பைகளும், ராத்திரி தங்க ஒரு கூடாரமும் தைத்ததும் அவள்தான். இரண்டுக்கும் ஒரே அளவு சக்கரம் இருக்கட்டும், அப்போதுதான் ஒரே மாற்று டயரும் ஒரே அளவு டியூபும் சக்கரக் கம்பியும் இருவருக்கும் ஆகும் என்று படித்துப் படித்துச் சொன்னாள். அவரும் மண்டையை மண்டையை ஆட்டினார். ஆட்டிவிட்டு, ஞாயிற்றுக்கிழமை சைக்கிள் கூட்டத்தில் யாரோ உசுப்பேற்றியதில், பெரிய சக்கரம் வைத்த புது சைக்கிளோடு வந்து நின்றார். அந்தக் கூட்டத்தில் அவருக்கு லீடர் என்று பெயர். லீடர் என்றால் சக்கரமும் மற்றவர்களைவிட ஒரு சுற்று பெருத்துத்தானே இருக்க வேண்டும்! “ஸ்பேரெல்லாம் நான் பாத்துக்கறேன்” என்று வேறு வாக்குக் கொடுத்தார். பார்த்துக்கொண்ட லட்சணம் இப்போது தரையில் கிடந்தது.

ஸ்பேர் வைத்திருந்த தன் சைக்கிள் பையைத் தலைகீழாகக் கொட்டினாள். டியூப் இரண்டும் இருபத்தெட்டு. கம்பிகளை எடுத்துத் தன் சக்கரத்தில் வைத்துப் பார்த்தாள், எல்லாமே நீளம். அவள் சைக்கிளுக்கென்று ஒரு ஆணிகூட இல்லை. அத்தனையும் அவள் பையில், அவள் சுமப்பதற்கு. அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அவர் கூடத்தில் உட்கார்ந்து பாட்டுக் கேட்கிற ஸ்பீக்கருக்குச் சார்ஜ் ஏற்றிக்கொண்டிருந்தார்.

“என் சக்கரத்துக்கு மாத்து டயர் எங்கங்க?”

“உன்னோடது நல்லாத்தானே இருக்கு? பங்சர் ஆனா ஒட்டிக்கலாம்.”

“பின்னாடி அவ்ளோ பாரம் ஏத்துறோம். பக்கவாட்டுல கிழிஞ்சா எதை ஒட்டுறது?”

“கிழிஞ்சா நீ பஸ் ஏறி அடுத்த ஊருக்கு வந்துடு. நான் முன்னாடி போய்க் காத்திருக்கேன். இதுக்குப் போய் இவ்ளோ கத்துறியே!”

அவள் கத்தவில்லை. கத்தியிருந்தால் கூரை பிய்த்துக்கொண்டு போயிருக்கும். சைக்கிளை எடுத்துக்கொண்டு கடைத்தெருவுக்குப் போனாள்.

சைக்கிள் கடைக்காரர் அவளைப் பார்த்ததும் மேல் தட்டிலிருந்து ஒரு டயரை இறக்கினார். தடித்த, அகலமான இருபத்தாறு.

“போன வாரமே எடுத்து வெச்சேம்மா. சார்தான் வேணாம்னுட்டாரு.”

“ஏண்ணே?”

“நீங்க மலையடிவாரம் வரைக்கும்தான் வர்றீங்களாமே? அதுக்கு மேல அவளால முடியாது, அங்கேருந்து பஸ்ல ஏத்தி அனுப்பிடுவேன்னாரு. ஏம்மா, மனசு மாத்திட்டீங்களா?”

ஆக, இது மறதி இல்லை. இத்தனை வருடமும் அவள் தைத்ததும் போராடி லீவு வாங்கியதும் தினம் அதிகாலையில் மேடு மேடாக ஏறிப் பழகியதும் ஒப்புக்குச் சப்பாணி ஆட்டத்துக்குத்தான். அவமானத்தில் காது சுட்டது.

“மனசெல்லாம் மாறலண்ணே. அதைக் கொடுங்க. டியூபும் கம்பியும் என் அளவுக்குக் கொடுங்க. டயரை எப்படி மடிக்கிறதுன்னும் காட்டுங்க.”

கடை வாசலிலேயே நின்று, கை பழகும்வரை மடித்து மடித்துப் பார்த்தாள். முரட்டு ரெக்சினோடு மல்லாடிய கைக்கு அது பெரிய காரியமாக இல்லை.

காலையில் லீடரை வழியனுப்ப அந்தக் கூட்டம் செல்போனும் கையுமாக வாசலில் கூடிவிட்டது. அவருடைய டயர் வட்டமாக விரிந்தபடி அவர் ஹேண்டில்பாரில் தொங்கியது.

“இதை உன் பையில போடு” என்றார், கூட்டத்தைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே.

“என் பையில என் டயர் இருக்கு.”

அவர் முழங்காலைக் கொடுத்து மடிக்கப் பார்த்தார். டயர் திமிறி எழுந்து அவர் தொப்பியைத் தட்டிவிட்டது. யாரோ களுக்கென்று சிரித்தார்கள்.

“எங்கிட்ட இடமில்லடி” என்று பல்லைக் கடித்தார்.

“ஸ்பீக்கரை எடுத்து வீட்ல வைங்க.”

“எல்லார் முன்னாடியும் மானத்தை வாங்காதே.”

அதுவரை அடக்கி வைத்திருந்த குரல் அவளுக்கு எழும்பியது. “மலையடிவாரத்துல எனக்கு பஸ் பாத்து வெச்சிருக்கீங்களாமே? அந்த சீட்ல உங்க டயரை உக்கார வெச்சு அனுப்புங்க!”

உயர்ந்த செல்போன்கள் ஒவ்வொன்றாக இறங்கின. அவர் கடைக்காரரின் பெயரை முணுமுணுத்தார்.

அவள் பெடலை மிதித்தாள். பாரம் ஏறிய சைக்கிள் முதலில் கொஞ்சம் தள்ளாடிப் பிறகு நேரானது. தெருமுனையில் ஒரு காலை ஊன்றித் திரும்பிப் பார்த்தாள். அவர் இன்னும் டயரும் கையுமாக நின்றுகொண்டிருந்தார்.

“கூடாரம் எங்கிட்டதான் இருக்கு!” என்று அங்கிருந்தே கத்தினாள். “வேணும்னா இருட்டறதுக்குள்ள மலை மேல வந்து சேருங்க.”