ஏழாம் வரிசை, நாலாம் மரம்

இந்தக் காலத்து ஆட்களுக்கு எதையும் தொட்டுப் பார்க்கவே கை வராது என்பது பெரியவரின் தீராத குறை. காய்ச்சல்காரனுக்கே தள்ளி நின்று நெற்றிக்கு நேரே கருவியை நீட்டுகிறார்கள். இப்போது எலுமிச்சை மரங்களுக்கும் அந்தக் கதி வந்துவிட்டது.

தோட்டம் அவருக்கும் தம்பிக்கும் பொது. இலையைக் கசக்கி முகர்ந்து எந்த மரத்துக்கு நோவு என்று சொல்வது நாற்பது வருடமாக அவர் வேலை. போன வாரம் தம்பி புதுப் பாட்டுப் பாடினான்.

"அண்ணே, லேசர் வண்டி வருது. இலை வாடுறதுக்கு முன்னாடியே நோவு தெரிஞ்சிடுமாம். அது சரியாச் சொல்லிட்டா நீங்க வீட்ல காலை நீட்டிப் படுங்க."

"சொல்லட்டும், பாப்போம்."

முந்தாநாள் ஏழாம் வரிசை நாலாம் மரத்தின் பாதி வேரை வெட்டி மண்ணை மூடினார். இலையில் ஒரு சுருக்கமும் இல்லை. கருவி இதைக் கண்டுபிடித்தால் அதற்கு ஒரு கும்பிடு. இல்லாவிட்டால் வண்டி வந்த வழியே போகட்டும். பிறகு யாரும் ஏமாற்று என்று சொல்லிவிடக் கூடாதே என்று தம்பியை மட்டும் சாட்சி வைத்துக்கொண்டார். "மூச்சு விடமாட்டேண்ணே" என்றான் அவன்.

பொழுது சாய்கையில் வண்டி வந்தது. அதில் வந்த கண்ணாடி போட்ட பெண் கருவியைத் திருப்ப, நீல ஒளி ஐம்பதடி தாண்டி ஒவ்வொரு மரமாக விழுந்தது.

"ஒளி பட்டா இலை லேசா சிவப்பா மினுங்கும் ஐயா. நம்ம கண்ணுக்குத் தெரியாது, கருவிக்குத் தெரியும். நோவு இருந்தா அந்தச் சிவப்பு மாறும்."

"கோவம் வந்தா மூஞ்சி சிவக்கிற மாதிரியா?"

"கிட்டத்தட்ட" என்று சிரித்தாள்.

ஏழாம் வரிசைக்கு வந்ததும் கருவியின் திரையை உற்றுப் பார்த்தாள். "நாலாவது மரம் சரியில்ல ஐயா."

பெரியவருக்குக் கும்பிடக் கை எழுந்தபோதுதான், அவள் கையிலிருந்த எழுதும் அட்டையில் செருகியிருந்த சீட்டு கண்ணில் பட்டது. அவருக்கு எழுத்துதான் வாசிக்க வராது, எண் தெரியும். 7. பக்கத்தில் 4. ஏழின் இடுப்பில் குறுக்கே ஒரு கோடு. அப்படி ஏழு போடுகிறவன் அவருக்குத் தெரிந்து ஒருத்தன்தான்.

"இதை யாரு குடுத்தா?"

அவள் தம்பியைப் பார்த்தாள். "காலையில எங்க ஆபீசுக்கு வந்து இவர் குடுத்தாரு. நான் அதைப் பாத்துச் சொல்லல ஐயா, கருவிதான் காட்டிச்சு."

"சரிபாக்கத்தாண்ணே குடுத்தேன்." தம்பி காலால் மண்ணைக் கிளறினான். "எதுவும் பிசகிடக் கூடாதேன்னு..."

"எது பிசகக் கூடாது? கருவியா, நான் வீட்டுக்குப் போறதா?"

தம்பி வாய் திறக்கவில்லை. காலையிலேயே அப்படி மூடியிருக்கலாம்.

"வேற மரம் வச்சுப் பாக்கலாம் ஐயா" என்றாள் அந்தப் பெண். "யார்கிட்டயும் சொல்லாதீங்க."

"இன்னொரு மரத்து வேரையும் வெட்டவா? அது என்ன பாவம் பண்ணிச்சு? கருவி பாத்துச் சொல்லிச்சோ, சீட்டைப் பாத்துச் சொல்லிச்சோ, எனக்கு எப்படித் தெரியும்?"

வாளி நிறையத் தண்ணீர் மொண்டு வந்து நாலாம் மரத்தடியில் ஊற்றினார். ஒரு இலையைப் பறித்துக் கசக்கி முகர்ந்தார். தன் கையால் வேரை வெட்டிய மரம்தான்; ஆனாலும் நோவு வாடையே இல்லை.

"அண்ணே!"

"சிவப்பாம், சிவப்பு" என்று முனகியபடி திரும்பிப் பார்க்காமல் நடந்தார்.