வரிசையில் ஒரு ஸ்மார்ட்போன்

2008 ஆகஸ்ட் 21, வியாழக்கிழமை காலை, துறைமுகத்துக்குள் போகக் காத்திருந்த கண்டெய்னர் லாரிகளின் வரிசை திருவொற்றியூர் டோல்கேட்டைத் தாண்டி நின்றது.

அதில் வேலப்பன் ஓட்டிவந்த லாரியும் ஒன்று. பெட்டிக்குள் ஏற்றுமதிக்கான தோல் காலணிகள். சனிக்கிழமை மாலைக்குள் பெட்டி துறைமுக வாயிலைக் கடக்க வேண்டும். இல்லையென்றால் கப்பல் போய்விடும், வேலப்பனின் வேலையும் போய்விடும். லாரியின் முதலாளி தேவப்பிரியம் இதை ராயபுரம் அலுவலகத்திலேயே தெளிவாகச் சொல்லியிருந்தார். சொன்ன கையோடு ஒரு ஸ்மார்ட்போனையும் கொடுத்தார்.

அவர் தனக்குப் புதிதாக ஒன்று வாங்கியிருந்தார். பழையதை வைத்து நிர்வாகத்தை நவீனமாக்குவது என்று முடிவு. திரையைக் குச்சியால் தொட வேண்டிய போன் அது. வண்டி எங்கே நிற்கிறது என்று மணிக்கொரு முறை படம் எடுத்து அனுப்ப வேண்டும். வேலப்பன் தவறாமல் அனுப்பினார். எல்லாப் படங்களிலும் முன்னால் நின்ற லாரியின் பின்பக்கம் இருந்தது. ‘சவுண்ட் ஹாரன்’ என்ற எழுத்துகள் மிகத் துல்லியமாக விழுந்திருந்தன. நவீன நிர்வாகத்துக்கு அதுவரை கிடைத்த தகவல் அவ்வளவுதான்.

மதியத்துக்குள், திரையில் பேட்டரி அளவைக் காட்டும் கட்டைகளில் ஒன்றே ஒன்று மிஞ்சியது. வேலப்பன் முதலாளியைக் கூப்பிட்டார்.

“மொதலாளி, சார்ஜ் எறங்கிகினே கீது. போட்டோவ நிறுத்திடவா?”

“இன்னா நிறுத்திடவா? உனுக்கு யூஸ் பண்ணத் தெர்ல. வெளிச்சத்தக் கொற. புளூடூத்த அமுத்து. முக்கியமா, தேவையில்லாம பேசாத.”

தேவையில்லாமல் பேசக்கூடாது என்பதைத் தேவப்பிரியம் வெகுநேரம் விளக்கினார். விளக்கி முடித்தபோது அந்த ஒரு கட்டையும் சிவப்பாகியிருந்தது.

“இன்னொண்ணு. நிக்கற வண்டில இன்ஜின ஓடவுட்டு டீசல எரிக்காத. செல்லு மட்டும் ஆஃப் ஆச்சுன்னு வெய்யி, வண்டிய வுட்டு எறங்கி அப்பிடியே வூட்டுக்குப் போய்டு.”

பின்னால் நின்ற லாரியின் ஓட்டுநர் ஹுமாயூன், எதற்கும் வைத்தியம் வைத்திருப்பவர். “பேட்டரிய கழட்டி சட்டையில நல்லா தேய்ச்சுப் போடு மாமு” என்றார். வேலப்பன் தேய்த்துப் போட்டார். “அப்ப ஐஸ்ல வெய்யி. காசிமேட்டு ஐஸ் வண்டி இப்பிடித்தான் போவும்.” பிளாஸ்டிக் பையில் சுற்றி ஐஸில் வைத்து எடுத்ததில் பேட்டரிக்கு மீன் வாடை ஏறியது. சார்ஜ் ஏறவில்லை. வெளிச்சத்தைக் குறைத்துக் குறைத்து, வெயிலில் திரையே தெரியாமல் போனது. லுங்கியைத் தலைவழியே போர்த்திக்கொண்டு அடுத்த படத்தை அனுப்பினார்.

வரிசையில் டீ விற்றுக்கொண்டு வந்த பூமாரி நின்று பார்த்தார்.

“இன்னாண்ணே, செல்லுக்கு ஜொரமா? ஐஸ் ஒத்தடம் குடுத்துகினு கீற?”

“நீ வேற, பேஜார் பண்ணாத. கரண்டு இல்லாம நானே நொந்துகினு கீறேன்.”

“அம்மாம் பெரிய லாரி ஓட்டுற, அதுல பேட்டரி இல்லியா?”

ஹுமாயூன் தன் பையிலிருந்து கார் சார்ஜர் ஒன்றை எடுத்துவந்து, லாரி பேட்டரியிலிருந்து ஒயர் இழுத்துப் பொருத்தினார். போன் உயிர்பெற்றது. சேதி வரிசை முழுக்கப் பரவ நேரமாகவில்லை. வெள்ளிக்கிழமை வேலப்பனின் லாரியில் கொத்துக்கொத்தாகப் போன்கள் தொங்கின. பாட்டுப்பெட்டி ஒன்றும் பாடியது. இன்ஜின் மட்டும், முதலாளியின் சொல்லுக்குக் கட்டுப்பட்டு, வண்டி நாலடி நகரும் நேரம் தவிர மற்றபடி சும்மா கிடந்தது.

“ஏன் மாமு, உன் வண்டிலயும் பேட்டரி கீதே?” என்று வேலப்பன் ஒருமுறை கேட்டார்.

“நம்ப வண்டி பேட்டரி வீக்கு மாமு. ஸ்டார்ட் ஆவலன்னா இன்னா பண்றது?” என்றார் ஹுமாயூன். வேலப்பனுக்கு அது நியாயமாகவே பட்டது.

சனிக்கிழமை மதியம் வரிசை திடீரென்று அவிழ்ந்தது. முன்னால் நின்ற லாரிகள் நிற்காமல் ஓட ஆரம்பித்தன. வேலப்பன் சாவியைத் திருப்பினார். ‘டிக்’ என்றது. மறுபடி திருப்பினார். இந்த முறை அதுவும் இல்லை. தேவப்பிரியம் பழைய பேட்டரிகளைச் சரிபார்த்து விற்கும் கடையில் வாங்கிய பேட்டரி அது.

ஸ்மார்ட்போன் கணீரென்று அடித்தது.

“வரிசை நவுருதாமே?”

“எல்லா வண்டியும் போய்கினு கீது மொதலாளி.”

“நம்ப வண்டி?”

“அது மட்டும்தான் நிக்குது. பேட்டரி டவுன்.”

“பொய் சொல்லாத. டவுன்னா எப்பிடி பேசற?”

“செல்லு ஃபுல்லா கீது மொதலாளி. லாரிதான் டவுன்.”

லோடு ஏற்றிய வண்டியைத் தள்ளிக் கிளப்ப முடியாது. பின்னால் நின்றவர்கள் ஹாரன் அடித்துப் பார்த்துவிட்டு, ஒவ்வொருவராக ஒதுங்கிக் கடந்தார்கள். ஹுமாயூன் தன் சார்ஜரைக் கழற்றிக்கொண்டு, “வரேன் மாமு, கேட்டாண்ட பாக்கலாம்” என்று சொல்லிவிட்டுப் போனார். அவருடைய லாரி ஒரே திருப்பில் கிளம்பியது.

கொருக்குப்பேட்டையிலிருந்து மெக்கானிக் வேறு பேட்டரியோடு வந்து சேர்ந்தபோது, அந்தக் கப்பலுக்கான பெட்டிகளை வாயிலில் வாங்கும் நேரம் முடிந்திருந்தது.

காலணிகள் அடுத்த கப்பலில் போயின. திங்கட்கிழமை வேலப்பன் வேலையிலிருந்து நிறுத்தப்பட்டார். இப்போது செங்குன்றத்தில் தண்ணீர் லாரி ஓட்டுகிறார்.