காற்றின் கண்

வாயைத் திறந்து வைத்திருப்பவரால் மறுத்துப் பேச முடியாது. பல் டாக்டருக்கு அது வசதியாகப் போயிற்று. பல்லைக் குடையும் நேரமெல்லாம் ஏதாவது ஒரு ஆங்கிலச் சொல்லின் பிறப்பைச் சொல்வார். தசையைச் சொல்லும் மசில் என்றால் சுண்டெலியாம், தோலுக்கடியில் ஓடுகிறதாம். அது நிஜம். நடுநடுவே சொந்தச் சரக்கையும் கலப்பார். நிஜமா கப்ஸாவா என்று வெளிமேசையில் இருக்கும் அவர் மனைவியிடம் கேட்டுவிட்டுத்தான் ஆட்கள் வீட்டுக்குப் போவார்கள். அவள் தீர்ப்பு தப்பினால் சாயங்கால டீ அவள் பொறுப்பு. வந்துபோகிற எல்லோருக்கும் இந்த ஒப்பந்தம் தெரியும். பெரும்பாலும் அவள்தான் போட்டாள்.

அவர் போய்ச்சேர்ந்த பிறகு, கிளினிக் அறையைக் காலிசெய்யும் நாளில், பெட்டிக்குள் கெட்டிலுக்குப் பக்கத்தில் அகராதியைச் செருகிக்கொண்டிருந்தாள். பஸ் டிரைவர் படியேறி வந்தார். டாக்டரிடம் பல்லைக் காட்ட அந்த நாற்காலியில் கடைசியாக உட்கார்ந்தவர் அவர். அன்றைக்கு அவள் காய்ச்சலில் வீட்டில் படுத்திருந்தாள்.

"விண்டோன்னா காத்தோட கண்ணுன்னு சொன்னாரும்மா. தீர்ப்பு உங்ககிட்ட பாக்கி நிக்குது."

அவள் கேட்காத அவர் பேச்சு என்று உலகத்தில் மிச்சம் இருந்தது இது ஒன்றுதான். தப்பாகச் சொன்னால் உள்ளேயிருந்து சிரிக்க ஆள் இல்லை. யோசித்தாள். சன்னலுக்குக் காலதர் என்று பழைய பெயர் உண்டு. காற்று வரும் வழி. அவருக்கு அதைச் சொன்னதே அவள்தான். என் சொல்லுக்கே இங்கிலீஷ் கோட்டு மாட்டிவிட்டாரா மனுஷன்!

"கப்ஸாண்ணே. என்கிட்ட சுட்டது."

டிரைவர் சிரித்துக்கொண்டே இறங்கினார். அவளுக்குத்தான் மனசு கேட்கவில்லை. அகராதியை உருவிப் பிரித்தாள். ஐரோப்பாவின் வடகடலோரத்துப் பழைய மொழி ஒன்றிலிருந்து வந்த சொல். காற்று, கண் என்று இரண்டும் அச்சில் இருந்தன. முகம் பார்த்தறியாத இரண்டு மொழிக்காரர்கள், சுவரில் ஓட்டை போட்டதும் ஒரே காற்றை நினைத்திருக்கிறார்கள்.

அவர் போனதிலிருந்து சாத்தியே கிடந்த சன்னலை முட்டித் திறந்தாள். மேசைமேல் இருந்த பழைய செய்தித்தாள்கள் பறந்தன.

"அண்ணே, நிஜந்தான். நான் தோத்துட்டேன்."

தெருவில் டிரைவர் அண்ணாந்து பார்த்தார். "அப்ப டீ யாரு போடறது?"

"வேற யாரு, நான்தான். மேல வாங்க."

கட்டிக்கொண்டிருந்த பெட்டியிலிருந்து கெட்டிலை வெளியே எடுத்தாள்.