ஒரே மைக்கில் மூன்று பேர்

"அந்த ஒரு சுரத்துக்காகவா நீ..."

"ஒரு சுரமா? ஒரு சுரம்னு ரொம்பச் சுலபமா சொல்ற. அது வெடிச்சுப் போச்சு, வெர்ன்..."

"...மொத்தத்தையும் அழிக்கச் சொல்ற? அதைத்தான் கேக்குறேன்."

"...வெடிச்சு, வாத்து கத்துன மாதிரி கிடக்கு. அதுக்குக் கீழ ஜீனோ ஸ்கார்பெல்லின்னு என் பேரைப் போடணுமா?"

வெர்ன் குபியாக் டிராம்போனை மடியில் கிடத்திக்கொண்டு மடக்கு நாற்காலியில் உட்கார்ந்திருந்தான். ஜீனோ உட்காரவில்லை. டிரம்பெட்டிலிருந்து எச்சில் நீரைத் தரை விரிப்பின் மேலேயே ஊதித் தள்ளினான். சாக்ஸபோன்காரர் மெல் சுவரோரம் சாய்ந்து, குழம்பு சொட்டும் மாட்டிறைச்சி ரொட்டியைத் தின்றுகொண்டிருந்தார். வெர்னும் ஜீனோவும் மச்சான்கள். வெர்னின் தங்கை பெர்னிஸைத்தான் ஜீனோ கட்டியிருந்தான். அதனால் நடுவில் புகுந்து பேச மெல்லுக்கு விருப்பமில்லை.

சிகாகோவில் அந்தப் பிப்ரவரி மாதம் எல்லா ராக் குழுக்களும் ஊதுகிறவர்களைத் தேடி அலைந்தன. கல்யாண வீட்டிலும் போல்கா ஆட்டத்திலும் ஊதிக் கிடந்த இந்த மூன்று பேருக்கும் திடீரென்று மவுசு வந்தது. ட்வைட் அமோரி என்ற கிட்டார்காரன், பாட்டும் அவனேதான், இவர்களைக் கூப்பிட்டுத் தன் குழுவில் சேர்த்துக்கொண்டான். இது அவர்களுடைய முதல் இசைத்தட்டு.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஒலிப்பதிவு செய்கிற ஹாஸ்கின்ஸ் ஒலிபெருக்கியில் தொண்டையைக் கனைத்தார். "சண்டை முடிஞ்சா சொல்லுங்கப்பா."

"மூணு பேருக்கும் ஆளுக்கொரு மைக் குடுத்திருந்தா சண்டையே வந்திருக்காது," என்றான் வெர்ன்.

"நான் என்ன செய்ய? நாடாவுல மொத்தமே பதினாறு டிராக், பதினாறு தனித்தனி வரிசைதான். ட்வைட் கிட்டார் மேல கிட்டாரா போட்டு எல்லாத்தையும் தின்னுட்டான். மிஞ்சினது ஒண்ணுதான். ஒரு மைக், மூணு பேர். ஒருத்தரை மட்டும் அழிக்க முடியாது. மூணு பேரும் சேர்ந்து இருக்கணும், இல்லன்னா மூணு பேரும் சேர்ந்து போகணும்."

"கேட்டுக்கிட்டியா?" என்றான் வெர்ன் மச்சானிடம். "உன் வாத்தை அழிச்சா என்னையும் சேர்த்துத்தான் அழிக்கிற."

"உன்னை மறுபடி ஊத வேணாம்னு யார் சொன்னா? ஊது. இன்னும் நல்லா ஊது."

வெர்ன் எழுந்து ஜீனோவின் முழங்கையைப் பிடித்து மூலைக்குத் தள்ளிக்கொண்டு போனான். குரலைத் தாழ்த்தினான்.

"இங்க பாரு. மேல் முன்பல்லு ரெண்டும் ஆடுது. உள்ள சீழ் வெச்சிருக்கு. திங்கக்கிழமை பிடுங்கியே ஆகணும்னு டாக்டர் சொல்லிட்டாரு."

ஜீனோ அவன் வாயைப் பார்த்தான். ஊதுகிறவனுக்கு முன்பல் போனால் என்ன ஆகும் என்று ஜீனோவுக்குத் தெரியாதா? உதட்டுக்குப் பின்னால் தாங்க எதுவுமில்லாமல் போய்விடும். பல வருஷம் ஊதிப் பழக்கிய வாய் அப்படியே கலைந்துவிடும்.

"பெர்னிஸுக்குத் தெரியுமா?"

"யாருக்கும் தெரியாது. உங்கிட்டதான் சொல்றேன். வலியில அழுத்த முடியல மச்சான். ஆயுசு பூரா வாயில வெச்சு அழுத்தி அழுத்தியே ஊதினவன் நான். இன்னிக்கு அழுத்தாம சும்மா காத்தை விட்டேன். அப்ப வந்துச்சே, நீயும் கேட்டியே. அது என் சத்தமே இல்ல. அந்த மாதிரி எனக்கு வந்ததே கிடையாது. இனிமே வரவும் வராது."

அது உண்மை. பாட்டின் நடுவில் டிரம்பெட் ஒரு வரி கேட்கும், டிராம்போன் அதற்குப் பதில் சொல்லும். அந்தப் பதிலில்தான் சற்று முன் வெர்னின் வாத்தியம் மனிதக் குரல் மாதிரி குழைந்திருந்தது. மெல் ஊதிக்கொண்டே திரும்பிப் பார்த்தார், அவ்வளவு குழைவு. அந்தக் குழைவின் உச்சியில்தான் ஜீனோவின் மேல் சுரம் விரிசல் விட்டிருந்தது.

ஜீனோ டிரம்பெட்டின் வாய்ப்பகுதியைச் சட்டையில் துடைத்தான். 

"பல்லு போனா பொய்ப்பல்லு கட்டிக்கலாம்டா. தட்டுல விழுந்த ஓட்டையை எதை வெச்சுக் கட்டுறது? நாளைக்கு நியூயார்க்குல ஒருத்தன் கேப்பான், லாஸ் ஏஞ்சலஸ்ல ஒருத்தன் கேப்பான். மேல எட்டத் தெரியாதவன்னு சிரிப்பான். அப்புறம் எவன் என்னைக் கூப்பிடுவான்? எனக்கு ரெண்டு பிள்ளைங்க இருக்கு."

"என் தங்கச்சி பிள்ளைங்க. எனக்குத் தெரியாதா?"

"தெரிஞ்சா வாயை மூடிக்கிட்டு ஊது."

ஹாஸ்கின்ஸ் மறுபடி ஒலிபெருக்கியில் வந்தார். இந்த முறை குரல் மெதுவாக இருந்தது. "வெர்ன், எனக்கு இந்தப் பதிவு பிடிச்சிருக்கு. உண்மையைச் சொன்னா, இன்னிக்குப் பூரா இதுதான் உருப்படி. நீ அழிக்க வேண்டாம்னு ஒரு வார்த்தை சொல்லு. நான் அழிக்க மாட்டேன்."

மெல் மெல்லுவதை நிறுத்தினார். ஜீனோ கண்ணாடியைப் பார்க்கவில்லை, வெர்னைப் பார்த்தான்.

ஊதுகிறவர்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. எங்கே மூச்சு விடுவது, எங்கே நிறுத்துவது, எந்தப் பதிவு தேறியது, எது தேறவில்லை என்பதெல்லாம் டிரம்பெட்காரன் சொல்வதுதான். அவனைத் தாண்டிக்கொண்டு கண்ணாடிக்கு அந்தப் பக்கம் போய்ப் பேசியவனோடு பிறகு யாரும் நின்று ஊத மாட்டார்கள். ஒருமுறை அப்படிப் பேசிய ஒரு பையனை மேடையிலிருந்து இறக்கிவிட்டவனே வெர்ன்தான். திங்கட்கிழமைக்குப் பிறகு தன்னோடு யார் நின்று ஊதப்போகிறார்கள் என்று அந்த நேரத்தில் அவனுக்குத் தோன்றியிருக்கலாம். தோன்றவில்லை. வாய் பழகிய சொல்லைச் சொல்லிவிட்டது.

"டிரம்பெட் சொல்றதுதான்."

"நல்லா யோசிச்சியா?"

"டிரம்பெட் சொல்றதுதான்னு சொல்லிட்டேன்ல. நாடாவை ஓட்டுங்க."

மூவரும் மைக்கைச் சுற்றி நின்றார்கள். பழைய பதிவின் மேலேயே புதிய பதிவு ஓடியது. ஜீனோவின் மேல் சுரம் கத்தி மாதிரி சுத்தமாக வந்தது. வெர்ன் பதில் வரியை ஊதினான். நடுவில் பல் நகர்ந்தது. வாயில் இரத்தச் சுவை. மேலே போக வேண்டிய இடத்தில் போக முடியாமல் கீழேயே சமாளித்து இறங்கினான். தப்பு என்று யாரும் சொல்ல முடியாது. அதில் ஒன்றும் இல்லை, அவ்வளவுதான்.

"இதுதான் சரி," என்றான் ஜீனோ.

ஹாஸ்கின்ஸ் பதிவு விளக்கை அணைத்தார்.

ஆகஸ்டில் இசைத்தட்டு வந்தது. ஞாயிற்றுக்கிழமை மதியம் சிகாகோவை ஒட்டிய சிசரோவில் ஜீனோ வீட்டுக்கு வெர்ன் போனான். அவன் மேல்வரிசையில் புதுப் பல் பளபளத்தது. டிராம்போன் அவன் வீட்டில் கட்டிலடியில் பெட்டிக்குள் கிடந்தது. ட்வைட் வேறொரு ஆளைப் பிடித்துவிட்டான். வெர்ன் இப்போது ஒரு ரொட்டிக் கடைக்கு வண்டி ஓட்டினான்.

"தட்டு அட்டையில உன் மூஞ்சியும் இருக்குடா அண்ணா," என்றாள் பெர்னிஸ், இறைச்சி உருண்டைகளை மேசையில் வைத்தபடி. "சிரிச்சிருக்கலாமில்ல?"

"அப்பவே பல்லு ஆடிக்கிட்டிருந்துச்சு."

"பேசாதீங்க," என்றான் ஜீனோ, ஓடிக்கொண்டிருந்த இசைத்தட்டின் பக்கம் திரும்பி. "அந்த இடம் வருது. பெர்னிஸ், கரண்டியைக் கீழ வை. இப்ப கேளு."

அந்த இடம் வந்தது. ட்வைட்டின் கிட்டார் வந்தது. அதன் மேல் இன்னொரு கிட்டார். ஊதுகிறவர்கள் எங்கோ பக்கத்து வீட்டில் கதவைச் சாத்திக்கொண்டு ஊதுகிற மாதிரி கொஞ்சம் கேட்டது, பிறகு அதுவும் இல்லை. எல்லாச் சத்தத்தையும் கலந்து சேர்க்கும்போது ட்வைட் அவர்களை அமுக்கி வைத்துவிட்டான்.

"எங்க வருது?" என்றாள் பெர்னிஸ். "வந்துடுச்சா?"

ஜீனோ ஊசியைத் தூக்கிப் பின்னால் வைத்தான். சத்தத்தைக் கூட்டினான். கிட்டார்தான் கூடியது. மறுபடி தூக்கினான். அவசரத்தில் ஊசி தட்டில் கீறியது. ஒலிபெருக்கியின் துணியில் காதை வைத்துக்கொண்டு முழங்காலில் உட்கார்ந்தான்.

"சாப்பாடு ஆறுது," என்றாள் பெர்னிஸ்.

வெர்ன் புதுப் பல்லோடு பழகாத வாயால் ஒரு உருண்டையை மெதுவாக மென்று விழுங்கினான். கைக்குட்டையால் உதட்டைத் துடைத்துக்கொண்டான்.

"இன்னொரு தடவை போடு மச்சான். சுத்தமா ஊதினியே, அது எங்க இருக்குன்னு எல்லாரும் சேர்ந்து தேடுவோம்."