இருநூற்றுப் பதினேழாம் ஆணி

மலைக்குள் போகிறவன், சுரங்க வாசல் பலகையில் தன் நம்பர் போட்ட ஆணியில் தொங்கும் பித்தளை வில்லையை எடுத்துக்கொண்டு போவான். வெளியே வந்ததும் திரும்ப மாட்டுவான். ஆணி வெறுமையாக இருந்தால் ஆள் உள்ளே இருக்கிறான் என்று அர்த்தம். எங்கள் ஊரில் தங்கம் எடுத்த காலம் முழுக்க இதுதான் சட்டம். மேஸ்திரி பொய் சொல்லலாம், பாதிரியார்கூடச் சொல்லலாம், பலகை சொல்லாது.

என் வீட்டுக்காரர் அவ்ராமின் ஆணி இருநூற்றுப் பதினேழு. சுரங்கத்தின் கீழ்த்தட்டு சரிந்த அன்று வில்லையைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு போனவர்தான். கொஞ்ச நாள் தோண்டினார்கள், பேரைச் சொல்லிக் கூப்பிட்டார்கள். பிறகு யாரோ பெரிய அதிகாரி காரில் வந்தார், போதும் என்றார், சுவர் எழுப்பிவிட்டார்கள். கல்லறைத் தோட்டத்தில் அவருக்கு இடம் கிடையாது. எதைப் புதைப்பது? எனக்கு இருந்ததெல்லாம் அந்த வெறும் ஆணிதான்.

வருஷா வருஷம் அவர் நாளன்று கோலிவா செய்வேன். கோதுமையை வேகவைத்து, தேனும் வால்நட்டும் போட்டுக் கிண்ணத்தில் எடுத்துப் போய், ஆணியைத் தொட்டுவிட்டு, வாசலில் இருக்கிறவர்களுக்கு அவர் பேரைச் சொல்லிக் கொடுத்துவிட்டு வருவேன். அழ மாட்டேன். அழுகையெல்லாம் முதல் குளிர்காலத்தோடு தீர்ந்துபோயிற்று. வெகுநேரம் மடக்கி உட்கார்ந்தால் கால் மரத்துப்போகுமே, உள்ளே அப்படித்தான் இருக்கிறது. அதில் எனக்கு வருத்தமும் இல்லை.

மூடிக் கிடந்த சுரங்கத்தை இந்த வருஷம் சுற்றிப் பார்க்கிற இடமாக்கிவிட்டார்கள். போனால் வாசலில் கொடி, டிக்கெட் ஜன்னல், தங்கக்கட்டி மாதிரி சாக்லேட். க்ளூஜ் நகரத்திலிருந்து ஒரு பஸ் நிறைய ஜனம். எல்லோருக்கும் மஞ்சள் ஹெல்மெட், பலகையிலிருந்து ஆளுக்கொரு வில்லை எடுத்துக்கொள்ள வேண்டுமாம். பலகையைத் துடைத்து வார்னிஷ் அடித்திருந்தார்கள். இருநூற்றுப் பதினேழில் புது வில்லை ஒன்று பளபளவென்று தொங்கியது.

கோர்னெலைக் கூப்பிட்டேன். பக்கத்துத் தெருக்காரன், இப்போது இங்கே சுற்றிக்காட்டுகிற வேலை.

"ஏண்டா, இதை யாரு மாட்டினது?"

"வாங்க லெட்டி அத்தை. எதை?"

"கண்ணு பொடனியிலயா இருக்கு? உங்க மாமா ஆணியில!"

பார்த்தான். தலையைச் சொறிந்தான். "காலியா இருந்ததுக்கெல்லாம் புதுசு அடிச்சு மாட்டிட்டாங்க அத்தை. பலகை பொக்கை வாய் மாதிரி இருக்காம். மேனேஜர் சொன்னாரு."

"கழட்டு."

"கழட்டினா சாயங்காலம் கணக்கு இடிக்கும் அத்தை. ஒரு ஆணி காலியா இருந்தாலும் ஆள் உள்ள மாட்டிக்கிட்டாங்கன்னு அர்த்தம். கேட்டைப் பூட்ட விடமாட்டாங்க."

"அதைத்தாண்டா நானும் சொல்றேன். ஆள் உள்ளதான் இருக்கு."

அதற்குள் சிவப்புக் கோட்டுப் போட்ட ஒரு பெண் கையை நீட்டினாள். "ஐ, இருநூத்திப் பதினேழு! எங்க பிளாட் நம்பர்! இது எனக்கு!"

நான் முந்திக்கொண்டேன். "இது எனக்கும்மா. வேற எடுத்துக்க."

"எல்லாம் ஒண்ணுதானே, ஆன்ட்டி?"

"ஒண்ணுதான்னா வேறதை எடுத்துக்கோயேன்."

வில்லை கைக்கு வந்துவிட்டது, இனி உள்ளே போகாமல் எப்படி? கோர்னெல் டிக்கெட் வேண்டாம் என்றான். நான் வாங்கிக்கொண்டுதான் போனேன். கிண்ணத்தை வாசல் பெஞ்சில் வைத்தேன்.

உள்ளே வண்ண விளக்கு. ஸ்பீக்கரில் உளிச் சத்தம். சுவர் எழுப்பிய இடத்தில் கோர்னெல் குரலைத் தாழ்த்தி, அந்தக் காலத்தில் மேஸ்திரிகள் யாரையும் பேர் சொல்லிக் கூப்பிட மாட்டார்கள், நம்பர்தான் என்றான். ஜனம் சிரித்தது. அவ்ராமை நம்பர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பவே மாட்டார். கூலியில் பிடித்தார்கள், அப்போதும் மாட்டார். "எங்கம்மா என்ன நம்பரையா பெத்தா?" என்று வீட்டில் வந்து சிரிப்பார்.

சுவரில் கை வைத்துப் பார்த்தேன். ஈரமாக இருந்தது. ஏதாவது வரும் என்று காத்திருந்தேன். அடுப்பை அணைத்தேனா என்ற யோசனைதான் வந்தது. சிவப்புக் கோட்டுக்காரி சுவர் முன்னால் நின்று படம் எடுத்துக்கொண்டாள்.

வெளியே வந்ததும் எல்லோரும் வில்லையை மாட்டினார்கள். நானும் மாட்டத்தான் போனேன், சத்தியமாக. பையில் வில்லை என் உள்ளங்கைச் சூட்டில் இருந்தது. மாட்டிவிட்டால் அவர் வெளியே வந்துவிட்டார் என்று பலகையே சொல்லிவிடும். கை எழவில்லை. பெஞ்சில் போய்க் கிண்ணத்தை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

கேட்காரர் வெளியூர் ஆள். பலகையைப் பார்த்துச் சத்தம் போட்டார். "இருநூத்திப் பதினேழு எங்கய்யா? யாருகிட்ட இருக்கு? கேட்டைப் பூட்டணும்!"

சிவப்புக் கோட்டுக்காரி என்னைப் பார்த்தாள். கோர்னெலும் பார்த்தான்: என் முகத்தை, பைக்குள் இருந்த கையை, மடியில் இருந்த கிண்ணத்தை. "குடுங்க அத்தை" என்பான் என்று நினைத்தேன். சொன்னால் கொடுத்திருப்பேன்.

"உள்ளதான் இருக்காரு" என்றான் கேட்காரரிடம். "லைட்டைக் குடுங்க."

"எல்லாரும் வந்தாச்சுன்னு நீதானேய்யா சொன்னே?"

"தப்பா சொல்லிட்டேன்."

தனியாக உள்ளே போனான். கொஞ்ச நேரத்தில் அவன் குரல் கேட்டது. "இருநூத்திப் பதினேழு! இருநூத்திப் பதினேழு!"

தோண்டுவதை நிறுத்திய நாளுக்குப் பிறகு அவரைத் தேடி ஒருவரும் அந்த மலைக்குள் போனதில்லை. எப்படி எழுந்தேன் என்று தெரியாது. கிண்ணம் உருண்டது. சுரங்க வாய்க்கு ஓடினேன்.

"நம்பர் சொன்னா வரமாட்டாருடா! பேரைச் சொல்லு! பேரைச் சொல்லிக் கூப்பிடு!"

உள்ளே சத்தம் நின்றது. பிறகு அவன் அடிவயிற்றிலிருந்து கத்தினான்.

"அவ்ராம் மாமா! அவ்ராம் மாமோவ்!"

மரத்த காலில் ரத்தம் ஓடும்போது குத்துமே, அப்படி வலித்தது எனக்கு. ஐயோ, என்ன வலி. பஸ்காரன் ஹாரன் அடித்துக்கொண்டே இருந்தான். கேட்காரர் தொப்பியைக் கழற்றிவிட்டு, பூட்டைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார்.